நாலாவது கை

உட்காருவதற்கு முன்பே உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்க்கிறாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. வண்டி யாருடையது, என்ன கோளாறு என்பதெல்லாம் பிறகுதான். "கொதிக்குது. ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டியின் செயினைக் கழற்றப் போய்விடுகிறாள். மனிதர்களிடம் ஒரு நிமிடம் பொறுக்காதவள் இரும்புக்காக அரை நாள் காத்திருப்பாள்.

தெருவுக்கு அவள் மெக்கானிக் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு பல் துலக்கும் பிரஷ். பிளக் நுனியில் படிந்த கரியைத் தேய்க்க அதுதான். வீட்டில் யாருடைய பிரஷ் காணாமல் போனாலும் முதலில் அந்தப் பையைத்தான் சோதனை போடுவார்கள். ஸ்பேனரைத் திருப்பும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கேட்டால், "கண்ணு தொறந்திருந்தா கை சொல்றது கேக்காது" என்பாள்.

புதிதாக வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்பார்கள்.

"இருக்காரே. தையல் மிஷின்ல உக்காந்திருக்காரு. பேண்ட் கிழிஞ்சிருந்தா சொல்லுங்க, கூப்பிடுறேன்."

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எந்த வண்டியும் அவளிடம் நேராக வருவதில்லை. முதலில் சொந்தக்காரர் கை வைப்பார். பிறகு அவருடைய மச்சான். பிறகு எதிர்க்கடை மெக்கானிக். மூன்று பேரும் படுத்தி எடுத்த பிறகுதான் வண்டி தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வரும். "நான் என்ன கடைசில கூப்பிடுற ஆம்புலன்ஸா?" என்று கத்துவாள். போன வருடம் அப்படித்தான் மூன்று பேர் குதறிய ஒரு கார்புரேட்டர் அவள் கையில் வந்து செத்தது. 'பொம்பளை கை வச்சுக் கெடுத்துட்டா' என்று தெரு முழுக்கப் பேச்சு. இரண்டு மாதம் ஒரு வண்டிகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதனால், வீடு வீடாக ரொட்டி போடுகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "பிளக் மாட்டிக்கிச்சு அக்கா" என்றதுமே அவள் முகம் கடுகடுத்தது. பிளக்கின் ஆறு முனைகளில் இரண்டு மழுங்கியிருந்தன.

"யாரு முறுக்கினது?"

"நான்தான். லேசாத்தான்..."

"இதா லேசு? சூட்டோட முறுக்கியிருக்கீங்க. கழட்டிப் பாத்தது யாரு?"

"மச்சான் பாத்தாரு. அப்புறம் எதிர்க்கடை அண்ணன் ஸ்பேனர்ல ரெண்டடி பைப்பை மாட்டித் தொங்கினாரு."

"தொங்கினாரா! ஊஞ்சலா இது?"

எஞ்சின் தலை அலுமினியம், பிளக் இரும்பு. பலத்தைக் காட்டினால் பிளக்கோடு சேர்ந்து, அது திருகி இறங்கும் உள்மரையும் உரிந்து வந்துவிடும். அப்புறம் அந்தத் தலையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். உரியும் நேரத்தில் ஸ்பேனர் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர்தான் கெடும். அது அவளுக்கும் தெரியும், எதிர்க்கடைக்காரருக்கும் தெரியும். டீ கிளாஸோடு தெருவைக் கடந்து வந்து நின்றார்.

"ஒரு ஆம்பளைக் கை வேணும்னா சொல்லு தங்கச்சி."

"வெளிச்சத்தை மறைக்காதீங்க. அது போதும்."

எஞ்சின் ஆறியதும் பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணைக் காற்றடித்து விரட்டினாள். துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தாள். ஒரு மயிரிழை வெளியே, அரை மயிரிழை உள்ளே. மறுபடி எண்ணெய். இரும்பு கிறீச்சிட்டால் உடனே நிறுத்தினாள். பொறுமையிழந்த ரொட்டிக்காரர், "நான் ஒரு அழுத்து அழுத்தட்டுமா?" என்று கை நீட்டினார். பிரஷ்ஷால் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

இப்படியே இரண்டு மணி நேரம். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. கடைசியில் பிளக் சுழன்று சுழன்று கையோடு வந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். மேலே இரண்டு மரை நசுங்கியிருந்தது, மற்றதெல்லாம் நின்றது. நசுங்கியதைச் சீர் செய்து, துகளைத் துடைத்தெடுத்து, புதுப் பிளக்கை விரலாலேயே திருகினாள். வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. கடைசி அரைச் சுற்றுக்காக ஸ்பேனரை எடுக்கத் திரும்பினாள்.

அப்போதுதான் ரொட்டிக்காரர் எதிர்க்கடைக்காரரைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "நல்லவேளை அண்ணே! நீங்க முன்னாடியே அசைச்சு வச்சிருந்ததாலதான் வந்துச்சு."

"ஆமா, பாதி நான்தானே இளக்கி வச்சேன்" என்றார் அவர், அடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரை போயிருந்தால் முழுதும் அவள் கெடுத்தது, வந்துவிட்டதால் பாதி அவர் இளக்கியது! கத்தப் போகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அவள் கத்தவில்லை. குனிந்து, திருகிய பிளக்கை விரலாலேயே வெளியே எடுத்தாள். எழுந்து, அதை உள்ளங்கையில் வைத்து எதிர்க்கடைக்காரரிடம் நீட்டினாள்.

"போடுங்கண்ணே."

"நானா?"

"பாதி உங்களோடதுதானே? மரை அடிபட்டிருக்கு. ஒரு நூல் கோணலா உக்காந்தாலும் தலையே போயிடும். போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் டீ கிளாஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நீயே போடு தங்கச்சி, உனக்குத்தான் பழக்கம்" என்று முனகினார்.

அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.