பெரியப்பாவின் அரையாண்டு லீவு

நேற்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என்னை உரசிக்கொண்டு போன ஒரு காக்கிச் சட்டையில் அந்துருண்டை வாசனை அடித்தது. சாலையை அகலப்படுத்தும்போது இடித்துவிட்ட பெரியப்பாவின் வடக்கனந்தல் வீடும், அரையாண்டு லீவுக்கு நான் அங்கே போயிருந்த மார்கழியும் அதோடு வந்துவிட்டன.

வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியப்பா, ஓய்வுபெற்றதையே மறந்துபோயிருந்தார். தெருவில் லாரி கியர் மாற்றினால் அவர் இடது கை தானாக அசையும். தினமும் பனி விலகுமுன் எழுந்து, "டூட்டிக்கு நேரமாச்சி, சட்ட எங்க?" என்பார். காக்கிச் சட்டையை அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் ஒளித்துவைத்திருந்த பெரியம்மா, குரலை ஏற்றாமல், "பசங்களுக்கு லீவு வுட்டுட்டாங்க, வண்டியக் கம்மி பண்ணிட்டாங்க. நீங்க டீ குடிச்சிக்கினு உக்காருங்க" என்பாள். அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் அங்கே இருப்பதே போதும், உட்கார்ந்துவிடுவார்.

கடைசி நாள் பையை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு ஸ்கூல் தொறக்குது பெரியப்பா, போய்ட்டு வரேன்" என்றேன். பெரியம்மா ஆற்றிக்கொண்டிருந்த டீ அப்படியே நின்றது.

"அப்ப நாளைக்கு எனக்கு வண்டி இருக்குது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து அவர் சட்டையைத் தேடத் தொடங்கினார்.

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போயேன் கண்ணு" என்று மட்டும் கேட்டாள்.

நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.