கருப்பசாமிக்கும் நிழல் இல்லை

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்குப் பக்தி வரும். வயிறு லேசாகக் கலங்கினாலே நெற்றியில் திருநீறு பட்டையாக ஏறிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில், மலையில் மழை பொய்த்த அந்த ஆண்டில், போடியில் என்னைவிடப் பெரிய பக்திமான் இருந்திருக்க முடியாது.

போடிமெட்டைத் தாண்டிய சரிவில் எனக்கும் மனைவிக்கும் ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. அதைவிட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. ஏலச்செடி வெயிலும் தாங்காது, அதிக ஈரமும் தாங்காது. குணத்தில் என்னைப் போல. பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும். மழைக்கு முன்னால் அந்த மரங்களின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். கழிக்காமல் விட்டால் அடைமழை இருட்டில் செடி அழுகும். கழித்த பிறகு மழை வராவிட்டால் வெயிலில் கருகும். இரண்டுக்கும் நடுவில் நின்று நடுங்குவதுதான் தோட்டக்காரன் வேலை. அதில் நான் கெட்டிக்காரன்.

கோடை மழையே இல்லாத அந்த வருடம், வைகாசிக் கடைசியில் மேற்கே மேகம் திரண்டது. மரம் ஏறுகிற ஆட்களும் அன்று கைவசம் இருந்தார்கள். விட்டால் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பக்கத்துத் தோட்டம் என் மச்சினனுடையது. ஒரு மழை விழட்டும், அப்புறம் கழிக்கலாம் என்று அவன் சும்மா இருந்தான். சும்மா இருப்பது எனக்கு வராத வித்தை.

எங்கள் தோட்டத்து எல்லையில், பலாமரத்தடியில் கருப்பசாமி இருந்தார். முழங்கால் உயரக் கல். முடிவெடுக்க முடியாத காரியத்துக்கெல்லாம் அவரிடம் பூப் போட்டுக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

மனைவி எடுத்தாள். சிவப்பு.

சரியாகக் குலுக்கவில்லை என்றேன். குலுக்கிப் போட்டதும் மறுபடி சிவப்பு. காற்று, வெற்றிலையின் ஈரம், அவள் நின்ற திசை என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். ஆட்கள் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை நானே எடுத்தேன். வெள்ளை.

"சாமிகிட்ட கேக்குறீகளா, சாமிக்குச் சொல்லிக் குடுக்குறீகளா?" என்றாள் மனைவி.

"உத்தரவு குடுத்துட்டாரு. பெரியவுக பேச்சத் தட்டலாமா?" என்றேன்.

அத்தனை மரத்தையும் கழித்தோம். உத்தரவு தந்தவருக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டாமா என்று அந்தப் பலாமரத்தையும் மொட்டையடித்தேன்.

மறுநாள் மேகம் கலைந்துவிட்டது.

ஆனி முழுக்க வெயில். ஏல இலைகள் ஓரத்தில் பழுத்து, சுருண்டு, கடைசியில் செடியே தூரோடு சாய்ந்தது. ஓடைத் தண்ணீரைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஊற்றினோம். பிறகு ஓடையும் வற்றியது. நான் மொட்டை, காவடி, அலகு என்று கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டேன். அன்று மழை பெய்திருந்தால் என் உடம்பில் அலகு குத்த இடம் போதாமல் போயிருக்கும். எந்தச் சாமியும் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சினன் தோட்டமும் வாடியது. நிழல் இருந்ததால் பாதி உயிர் மிஞ்சியது. வேலியோரம் நின்று, "என்ன மாமா, இன்னொரு தடவ பூப் போட்டுப் பாப்பமா?" என்று கேட்டான். மடியில் வைத்திருந்த அரளிப்பூ வெளியே தெரியாமல் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஒரு மதியம், சண்டை போடுவதென்றே கருப்பசாமியிடம் போனேன். வழியெல்லாம் வசவுகளை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் மனுசன் வெட்ட வெயிலில் நிற்கிறார். பூசிய எண்ணெய் காய்ந்து கல் வெளுத்துப் பொரிந்திருந்தது. தொட்டேன். கை சுட்டது. நான் கழித்த நிழலில் அவருடைய நிழலும் போயிருந்தது. ஓடி ஒதுங்க அவருக்குக் காலும் இல்லை.

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அவர் தலையில் ஊற்றினேன். உடனே உறிஞ்சிக்கொண்டார். மீதியை நான் குடித்தேன். தலையில் போட்டிருந்த சாக்கை விரித்து, இருவருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டு அவரை ஒட்டி உட்கார்ந்தேன். அதுவரை எதையாவது கேட்காமல் ஒரு சாமி முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. அன்று கேட்க ஒன்றும் மிச்சமில்லை. எழுந்துபோகவும் தோன்றவில்லை.

கஞ்சி கொண்டுவந்த மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். "பேசி முடிச்சாச்சா?" என்றாள்.

"அவரு மொதல்லயே சொல்லிட்டாரு. எனக்குத்தேன் காது கேக்கல."

அவள் சிரிக்கவில்லை. கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்துக் கல்லின் முன்னால் வைத்தாள்.

மழை ஆடிக் கடைசியில் வந்தது. வெயிலில் தப்பிய தூர்களை அது ஓயாமல் பெய்து அழுகவைத்தது. தோட்டம் கைமாறியது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. ஊரார் தோட்டத்துக் காய்.

மலையைவிட்டு இறங்கிய அன்றும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. பலாமரம் லேசாகத் துளிர்த்திருந்தது, ஒரு கல்லை மறைக்கக்கூட அந்தத் துளிர் காணாது. என் சாக்கை அவர் தலையில் கவிழ்த்துவிட்டு நனைந்தபடி ஜீப்பில் ஏறினேன். உடம்பு நடுங்கியது. குளிரா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இனி என்ன செய்வோம் என்று நான் புலம்பத் தொடங்கியதும், ஏதாவது வேண்டிக்கொள்ளச் சொன்னாள் மனைவி.

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்காக ஒன்றும் தோன்றவில்லை. கருப்பசாமி அதிகம் நனையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.