தலையைச் சுற்றிய வட்டம்

1961 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பூம்பாறையில் அன்றும் வழக்கம்போலத்தான் விடிந்தது. அம்மா அடுப்பு மூட்டினாள். அக்கா தண்ணீர் எடுத்து வந்தாள். பரணில் தொங்கிய விதைப்பூண்டிலிருந்து உதிர்ந்த சருகை நான் கூட்டினேன். பிறகு, தோட்டத்தில் காவலிருந்த அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க நானும் அக்காவும் கிளம்பினோம்.

அக்கா ஐப்பசியில் விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்தவள். "சாமி ஒன் தலைக்குப் பின்னாடி வெளிச்சத்தப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சுடி. அதான் பொழச்ச" என்று அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டு முருகன் படத்திலும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் உண்டு. அதைத்தான் சாமி நோயாளிகளுக்கு இரவல் தருகிறார் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"வெரசா வாடி, கஞ்சி ஆறிப்போகும்" என்றபடி அக்கா முன்னால் நடந்தாள்.

பாதை பள்ளத்தாக்கின் விளிம்பில் திரும்பியபோது எங்கள் முதுகில் வெயில் ஏறியது. கீழே பள்ளம் முழுக்க மூடுபனி. அதன்மேல் எங்கள் இருவரின் நிழலும் நீளமாக விழுந்தது. என் நிழலின் தலையைச் சுற்றி ஒரு வட்டம்: உள்ளே நீலம், ஓரத்தில் சிவப்பு. அக்காவின் தலையைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

சாமி அவளை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் கன்னத்தோடு என் கன்னத்தை ஒட்டினேன். இரண்டு தலைகளும் ஒரே வட்டத்துக்குள் அடங்கின. வேறு நாளாயிருந்தால் தள்ளிவிட்டிருப்பாள். அன்று என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பனி கலைந்து நிழல்கள் மறையும்வரை அப்படியே நின்றோம்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றாள். தன் கதி அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பயம் இன்னும் கூடிற்று.

அன்று முழுவதும் அவளை விட்டு நான் நகரவில்லை. "என்னங்கடி இது, ஒட்டுப்புல்லு மாதிரி? ஒருத்தி தலைப் பேனு இன்னொருத்திக்கு ஏறட்டும், அப்பத் தெரியும்" என்று அம்மா திட்டினாள். இருவரும் சிரிக்கவில்லை.

பனித்துளிகளில் பட்ட ஒளி, அலைபோல வளைந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. அதனால் அந்த வட்டத்தை ஒவ்வொருவரும் தன் நிழலின் தலையில் மட்டுமே காண முடியும். இதை நான் பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் படித்தேன்.

மறுநாள் காலை கண் விழித்ததும் முதல் வேலையாக, மூச்சு வருகிறதா என்று பார்க்க அக்காவின் மூக்கருகே விரலை நீட்டினேன். அவள் எனக்கு முன்பே விழித்திருந்தாள். அவளுடைய விரல் என் மூக்கருகே இருந்தது. சாகப்போகிறவள் எதற்காக என் மூச்சைப் பார்க்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.