காது வலி அல்ல

தொம்மை இறந்த செய்தியை அவர் மனைவி பிலோமினாவே தொலைபேசியில் சொன்னார். காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்துவிட்டது. அவரை அறிந்தவர்களுக்கு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டு சங்கு குளித்த தொம்மைக்குக் காதில் ஒருபோதும் நோய் இருந்ததில்லை. இருந்ததாகப் பத்திரிகையில் எழுதியவன் நான்தான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், கடலடியில் அவரோடு சங்கு எடுத்துக்கொண்டிருந்த மைத்துனரின் காற்றுக்குழாயை ஒரு விசைப்படகு அறுத்துவிட்டது. உடலை மேலே கொண்டுவந்தவர் தொம்மை. அதன்பின் முகத்தில் தண்ணீர் பட்டாலே அவருக்கு மூச்சு அடைத்தது. ஆறு மாதம் பொறுத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போனார். வாரந்தோறும் வியாழக்கிழமை. கேட்டவர்களிடமெல்லாம் படகுக் கூட்டாளிகள் காது வலி என்றார்கள். சங்கு குளிப்பவர்களுக்கு அது மதிப்பான நோய். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஒரு செய்தியில் நானும் ‘காதுக்குச் சிகிச்சை பெறும் தொம்மை’ என்று எழுதினேன். மறுநாள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

“யாருக்குவே காது வலி? நான் மனசுக்குல்லா வைத்தியம் பாக்கேன். திருத்தம் போடும்.”

இதற்கெல்லாம் யார் திருத்தம் கேட்பார்கள் என்று ஆசிரியர் சிரித்தார். பெயர் கெடும் என்று நானும் எடுத்துச் சொன்னேன். தொம்மை வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார், சாயங்காலம்வரை எழவில்லை. மறுநாள் ஏழாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஏலக்கூடத்தில் ஒருவன் மென்டல் என்று கூப்பிட்டான். “ஆமாலே, நான் ஆஸ்பத்திரில சீட்டுப் போட்டுப் பாக்கேன். நீ பாக்காம திரியுத” என்றாராம்.

சிகிச்சை சுலபமாக இருக்கவில்லை. அந்த நாளை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். குழாய் அறுந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். அடுத்த வியாழன் மறுபடியும் போய் உட்காருவார். “ஓடுனதும் நான்தான், திரும்பிப் போனதும் நான்தான்” என்பார். பிறகு வாளித் தண்ணீரில் முகம் வைக்கப் பழகினார். பிலோமினா பக்கத்தில் நின்று எண்ணுவார். ஒன்றரை ஆண்டு கழித்துக் கடலில் இறங்கினார்.

அதற்குச் சற்று முன் ஒரு வியாழன் நானும் உடன் போனேன். வரிசையில் நம் கடற்கரை ஆட்கள் இரண்டு பேர். காது காட்ட வந்ததாகச் சொன்னார்கள்.

“காது டாக்டர் மாடியிலல்லா இருக்காரு. இங்கன ஏம்லே நிக்கிய?”

கேட்டுக்கொண்டே தொம்மை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய தம்பி என்னைத் தனியே அழைத்து, அஞ்சலிக் குறிப்பை அந்த வியாழக்கிழமைகளை விட்டுவிட்டு எழுதும்படி கேட்டார். தொம்மையின் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பிலோமினா காதில் அது விழுந்துவிட்டது.

“அத விட்டுட்டு எழுதினியன்னா, அவரு எந்திச்சு வந்து உங்க ஆபீஸ்ல உக்காந்துருவாரு.” மகளும் தலையாட்டினாள்.

அந்த நான்கு வரித் துண்டு என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். ‘தொம்மை பெற்றுவருவது மனநல சிகிச்சை. காது சிகிச்சை என்று வெளியானது தவறு.’ இந்த முறை திருத்தம் கேட்டு அவர் வர வேண்டியதில்லை.