மச்சாள் அழுத்திய அச்சு

கைக்கு அடக்கமான பேரிக்காய் மரப் பலகை. அதில் குழிவாகச் செதுக்கியிருந்தது, துணியில் இறுகச் சுற்றிய ஒரு கைக்குழந்தை. ஸ்ருட்காட் என்ற ஜேர்மன் நகருக்குப் பக்கத்துச் சிற்றூரொன்றில், மச்சாளும் நானும் ஒரே பேக்கரியில் வேலை செய்த காலத்தில், அங்கிருந்த பிஸ்கட் அச்சுகளுள் அதை மட்டும் என்னால் இயல்பாகப் பார்க்க முடிந்ததில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணமாகி நெடுங்காலமாகியும் பிள்ளையில்லாதவர். எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களில் ஆராத்தி எடுக்க ஆள் தேடும்போது எல்லோர் பார்வையும் அவரைத் தாண்டிப் போகும். அதற்கு முன்பே அவர் எழுந்து சமையற்பக்கம் போய்விடுவார்.

நத்தார்ப் பண்டிகை நெருங்கினால், சோம்பு மணக்கும் மாவை அந்த அச்சுகளில் அழுத்தி, ஒரு நாள் உலரவிட்டுச் சுடுவோம். ஒவ்வொரு உருவத்துக்கும் பொருள் உண்டென்று பேக்கரி முதலாளியம்மா சொல்லியிருந்தார். இதயம் அன்புக்கு. மாதுளம்பழம் வம்சம் பெருக. சுற்றிய குழந்தையைப் புதுமணத் தம்பதிக்குக் கொடுப்பார்களாம், சீக்கிரம் பிள்ளை பிறக்கட்டும் என்று.

ஒருமுறை கலியாண வீடொன்றுக்குக் குழந்தை உருவத்தில் நூறு பிஸ்கட் கேட்டிருந்தார்கள். அச்சு அழுத்துவது மச்சாளின் வேலை. அவர் கைபட்டால் கண்ணிமைகூடத் தெளிவாக விழும். அவர் வருமுன்பே நான் அச்சை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, முதலாளியம்மாவிடம், அச்சைக் காணவில்லை, மாதுளம்பழத்தைப் போடலாம் என்றேன். அது அவரின் தகப்பன் செதுக்கியது என்று எனக்குத் தெரியாது. முதலாளியம்மா முகம் வெளிறி அலமாரிகளை இழுத்துத் தேடத் தொடங்கினார். மச்சாளும் தேடினார். மூட்டையை நகர்த்தி அச்சை எடுத்தவரும் மச்சாள்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

முதலாளியம்மாவிடம், விழுந்து கிடந்தது என்று சொல்லி அச்சைக் கொடுத்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“சனம் என்னை விலத்தி வைக்கிறது எனக்குப் பழக்கம். நீரும் அதைத்தானே செய்தனீர்?”

“உங்களுக்கு நோகுமெண்டுதான் மச்சாள்...”

“நோகுமோ எண்டு என்னட்டைக் கேட்டிருக்கலாம்.”

நூறு குழந்தைகளையும் அன்று அவரே அழுத்தினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒட்டியிருந்த மாவைத் தூரிகையால் தட்டிவிட்டார். நான் தட்டுகளை அடுக்கினேன்.

இந்த வருடம் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் என் மகளுக்குக் கலியாணம். நாள் குறித்ததும் முதல் வேலையாக மச்சாள் வீட்டுக்குப் போய், நீங்கள்தான் ஆராத்தி எடுக்கவேண்டும் என்றேன்.

“சனம் கதைக்கும்,” என்றார்.

“கதைக்கட்டும். உங்களுக்கு விருப்பமோ மச்சாள்?”

அவர், கலியாணப் பொம்பிளையின் கூறைச்சேலை என்ன நிறம் என்று கேட்டார். தான் அதே நிறத்தில் உடுத்திவிடக் கூடாதாம்.