பக்கத்துக் கொல்லை மோட்டாரும் என் இண்டக்‌ஷன் அடுப்பும்

பதினோரு வருடம் வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். என் மனைவி நடுநிலைப்பள்ளி ஆசிரியை. நான் வந்த முதல் வாரமே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எட்டு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வேற பஸ் கெடையாது. நீங்க வீட்லதான இருக்கீங்க. காலைச் சமையலும் டிபன் பாக்ஸும் இனிமே ஒங்க பொறுப்பு."

நியாயம்தான். ஆனால் கேஸ் அடுப்பு என்றால் எனக்குப் பயம். வளைகுடாவில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறையில் கேஸுக்கு அனுமதி இல்லை. எனக்குத் தெரிந்த சமையல் முழுவதும் இண்டக்‌ஷன் அடுப்பில் பழகியது. லைட்டரைத் தட்டியதும் 'பொக்'கென்று தீ எழும்பும்போது என் உடம்பு தானாகப் பின்னால் போய்விடும். பாத்திரம் தீயில் இருக்கும், நான் வாசற்படியில் இருப்பேன். இரண்டு நாள் இதைப் பார்த்த பிறகு அவளே சொன்னாள்: "ஒங்களுக்குத் தெரிஞ்ச கரண்ட் அடுப்பையே வாங்கிக்கங்க. என் அடுப்புப் பக்கம் வராதீங்க."

அடுப்பு வந்தது. வந்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் பாதி அதற்கு ஆகாது என்று தெரிந்தது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் சூடாகும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒட்டக பொம்மையைக் கழற்றி, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். அலுமினியக் குண்டானில் ஒட்டகம் வழுக்கி விழுந்தது. கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் கொடுத்த பித்தளைப் பாத்திரத்திலும் விழுந்தது. அதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுச் சாமான்னாலே ஒங்களுக்கு ஒட்டாதே," என்றாள்.

கடைக்குப் போய் ஒட்டகத்தைக் காட்டியே இரண்டு பாத்திரமும் ஒரு குக்கரும் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை சாம்பார் வைத்தேன். பருப்பு வெந்து, காய் போட்டு, ஏழு மணிக்கு நன்றாகக் கொதிக்கிற நேரத்தில் அடுப்பு இரண்டு முறை 'பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. சின்னத் திரையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தெரிந்தன. கூட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். மின்னழுத்தம் குறைவு என்று போட்டிருந்தது. மனைவி பாத்திரத்தைத் தூக்கிக் கேஸ் அடுப்பில் வைத்தாள்.

அடுத்த நாளும் அதே ஏழு மணிக்கு நின்றது. மூன்றாம் நாள் ஏழு மணிக்கு ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைச் சன்னலிலும் வைத்துக் காவல் இருந்தேன். வேலிக்கு அங்கிட்டு நிலக்கடலை போட்ட ஒரு கொல்லை. அதன் சொந்தக்காரர் எனக்கு முறையில் மாமா. தலைத்துண்டோடு வந்தவர் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தார். போர்வெல் தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழுந்தது. என் அடுப்பு 'பீப்' என்றது.

வேலிக்கு ஓடினேன்.

"மாமா, நீங்க மோட்டார் போட்டா என் அடுப்பு நின்னு போவுது!"

"அடுப்பு எப்படி மாப்ளே நிக்கும்? வெறகு தீந்துருக்கும்."

"கரண்ட் அடுப்பு மாமா."

உள்ளே வந்து பார்த்தார். அடுப்பின் கண்ணாடித் தட்டு ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். "சூடு எங்க இருக்கு இதுல?" என்று கேட்டார். பாத்திரத்தைத் தொட்டவர் சடாரென்று கையை உதறினார். அதற்குப் பிறகு அந்த அடுப்பின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் சமையலை முடிக்கும்வரை அவர் மோட்டார் போடமாட்டார். ஆனால் நான் முடித்தது அவருக்கு எப்படித் தெரியும்? கொட்டகை வாசலில் நின்று கூப்பிடுவார்.

"மாப்ளே! எறக்கிட்டியா?"

"பத்து நிமிசம் மாமா! பருப்பு வேகல!"

அவர் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். பதில் அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் என் குரலும் அப்படித்தான் போக வேண்டும். ஒரு நாள் மாலை என் மனைவி பையைக் கட்டிலில் தொப்பென்று போட்டுவிட்டுச் சொன்னாள்: "பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா கேக்குது, 'என்ன டீச்சர், முந்தாநாளு ஒங்க வீட்டு ரசத்துல புளி கூடிப்போச்சாமே'ன்னு. ஊருக்கே அறிவிக்கணுமா?"

"அவருதான் கேட்டாரு."

"அவரு எறக்கியாச்சான்னுதான் கேப்பாரு. புளி கூடிப்போச்சான்னா கேட்டாரு?"

மன அழுத்தம் தருகிற வேலை செய்கிறவனுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு மழை ஏமாற்றிவிட்டது. கடலை பூத்து மண்ணுக்குள் விழுது இறங்குகிற நேரம். அப்போது தண்ணீர் தப்பினால் காய் பிடிக்காது. ஒரு காலை என் புளிக்குழம்பு பாதி கொதியில் நிற்க, மாமா கூப்பிடாமலே மோட்டாரைப் போட்டுவிட்டார். நான் கரண்டியோடு வேலிக்குப் போனேன்.

"மாமா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கொழம்பு ஒருநாள் இல்லாட்டி நீ தயிர ஊத்தித் திம்ப. எங் கடலைக்கு நான் தயிரயா ஊத்த முடியும்?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவரே இறங்கி வந்தார். "நீயும் தப்புச் செய்யல, நானும் செய்யல. கரண்டுதான் சரியில்ல. வா, மின்சார ஆபீசுக்குப் போவோம். அடுப்பையும் எடுத்துக்க. சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

கிளம்பினோம். நான் வண்டி ஓட்ட, மாமா பின்னால் உட்கார்ந்து, அடுப்பைத் துண்டில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். பாத்திரம் ஹேண்டில்பாரில் தொங்கியது. வழியில் பார்த்தவர்களெல்லாம் எங்கே விசேஷம் என்று கேட்டார்கள்.

ஆபீசில் ஒரு பெண் பொறியாளர் இருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மாமாவுக்கு அது போதவில்லை.

"போட்டுக் காமிக்கிறோம்மா, பாருங்க. எப்படி நிக்கிதுன்னு ஒங்களுக்கே தெரியும்," என்று அவரே பிளக்கைத் தேடிப் போய்ச் சொருகினார்.

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அடுப்பு நிற்கவில்லை. இரண்டு நிமிடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். இன்னொருவர் அலமாரியிலிருந்து டீத்தூள் எடுத்தார். யாரோ பால் பாக்கெட்டுக்குப் போனார்கள். புகார் கொடுக்க வந்த நாங்கள் ஏழு பேருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தோம்.

"எங்க வீட்ல இவ்வளவு வேகமா ஒருநாளும் கொதிச்சதில்ல மேடம்," என்றேன் நான். அது புகாராகத்தான் சொன்னது. எல்லோரும் பாராட்டு என்று நினைத்து, என்ன கம்பெனி என்று விசாரித்தார்கள்.

மாமா என் காதருகே குனிந்தார். "மானத்த வாங்கிருச்சே மாப்ளே இந்த அடுப்பு."

பொறியாளர் டீயைக் குடித்து முடித்தார். "அடுப்பு நல்லா இருக்குங்க. அப்ப வீட்டப் பாத்துருவோம். மத்தியானம் ஆள் அனுப்புறேன்," என்றார்.

சொன்னபடியே லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார், மோட்டார் கொட்டகையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்திலும் குறையில்லை. கடைசியாக எங்கள் வீட்டுக்குள் ஒயர் நுழைகிற இடத்துக்கு ஏணி போட்டார். அங்கே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு, ஓரமெல்லாம் உருகிப்போய்த் தெரிந்தது.

"இத எந்தப் புண்ணியவான் போட்டது?"

நான்தான் போட்டது. ஒரு முறை விடுமுறையில் வந்தபோது கொல்லைப்புறத்துக்கு ஒரு விளக்கு இழுக்க, நானே ஏறி ஒயரை வெட்டிச் சீவி முறுக்கிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு எல்லா வேலையும் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

"மோட்டார் போட்டா வோல்டேஜ் லேசா எறங்கும், அது வழக்கந்தாங்க," என்றார் லைன்மேன். "ஆனா பாதிக் கரண்ட்ட இந்த முடிச்சே தின்னுருது. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா தீயே பிடிச்சிருக்கும்."

கேஸ் அடுப்பின் விரலளவு தீக்குப் பயந்தவன், இத்தனை நாளும் நெருப்பைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நின்று சமைத்திருக்கிறேன்.

லைன்மேன் முடிச்சை வெட்டிப் புது ஒயர் போட்டார். மாமா மோட்டாரைப் போட்டார். நான் அடுப்பைப் போட்டேன். அடுப்பு நிற்கவில்லை. வேலியோரம் வந்து நின்ற மாமா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பிறகு, "ரெண்டு மாசமா ஒங் கொழம்புக்கு எங் கடலைய நிறுத்தி வச்சிருந்தேனேடா," என்றார். முதல் முறையாக 'டா' போட்டார். எனக்கு அது தேவைதான்.

"சாயங்காலம் வாங்க மாமா. சேமியா பாயசம் வக்கிறேன்."

இத்தனை நாள் அரைகுறைக் கரண்ட்டில் சமைத்து, சூட்டைக் கடைசி அளவுக்கு ஏற்றினால்தான் எதுவும் வேகும் என்று என் கை பழகியிருந்தது. அன்றும் அப்படியே ஏற்றிவிட்டு முந்திரி வறுக்க நெய் தேடித் திரும்பினேன். அவ்வளவுதான். பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது. சேமியா அடியில் கறுப்பாகப் பிடித்துக்கொண்டது. பள்ளியிலிருந்து வந்த மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது?"

"கரண்டு சரியாயிருச்சு," என்றேன்.

நடந்ததையெல்லாம் கேட்டாள். ஆபீசில் டீ போட்ட கதையில் சிரிக்க ஆரம்பித்தவள், முடிச்சு விஷயம் வந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

மாமா சொன்ன நேரத்துக்கு வந்தார். மேலாக இருந்ததை மட்டும் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தார்.

"பரவால்ல மாப்ளே. வெறகு அடுப்புல வச்ச மாதிரியே பொகை வாசம் அடிக்குது."

டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.