ஏழாம் கட்டளையும் இரண்டாம் சீலமும்

என்னிடமுள்ள பழைய வகுப்புக் கைநூலின் நடுப்பகுதியில் எதிரெதிரே இருந்த இரண்டு பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து மூன்று ஸ்ரேப்ளர் கம்பிகள் அடிக்கப்பட்டிருந்தன. கம்பிகள் இப்போது துருவேறிவிட்டன. அடித்தவர் எங்கள் வளவாளர், அந்த வகுப்பை நடத்தியவர். அவர் போன மாதம் காலமானார். நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி கேட்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது இந்தக் கம்பிகள்தான்.

போர் முடிந்த மீள்குடியேற்ற காலத்தில், மன்னார்க் கரையிலுள்ள எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் ஆறு சனிக்கிழமைகள் அந்தச் சமய ஒப்பீட்டு வகுப்பு நடந்தது. கைநூலில் கொலை, களவு, பொய் என ஒவ்வொன்றையும் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது இடப்பக்கம், பௌத்தம் சொல்வது வலப்பக்கம். வளவாளர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். இரண்டையும் ஆழமாகப் படித்தவர், அதை மறுக்க முடியாது. கேள்விகள்தான் அவருக்கு ஆகாது. யாராவது கையை உயர்த்தினால், "கைய இறக்குங்கோ, இது மீன் ஏலமில்லை" என்பார். நாங்களும் சிரிப்போம். நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போய், சான்றிதழுக்கும் பெயர் பதிந்திருந்தேன்.

முன்வரிசையில் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய ஒரு பெண் இருந்தார். பாலர் பாடசாலை வேலைக்கு அவருக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். மண்டபத்து யன்னலால் பார்த்தால் படைமுகாமின் முள்வேலியும், அதற்குள் அகப்பட்ட அவருடைய வீட்டுக் கூரையும் தெரியும். இரண்டாம் சனிக்கிழமை கைநூல்களைக் கையில் தந்தபோது, எல்லாப் பிரதிகளிலும் களவுப் பாடம் மூடப்பட்டிருந்தது. வளவாளர் கொலையிலிருந்து நேரே பொய்க்குப் போனார்.

அந்தப் பெண் தலையில் குத்தியிருந்த ஊசியால் கம்பிகளைக் கழற்றி உரக்க வாசித்தார். ஏழாம் கட்டளை: களவு செய்யாதே. இரண்டாம் சீலம்: கொடுக்கப்படாததை எடாதே.

"சேர், ரெண்டிலயும் ஒண்டுதானே கிடக்கு. ஏன் பூட்டினனீங்கள்?"

"பிள்ளை, இது சமய வகுப்பு. அரசியல் கதைக்க வேறை இடம் பாருங்கோ."

"நான் அரசியல் கதைக்கேல்ல. உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் எழுதுக எண்டு கீழ கேட்டிருக்கு. என்ர வீட்டை எழுதட்டோ?"

"எழுதுங்கோ அக்கா, விலாசம் மறக்கேல்லத்தானே!" என்றது பின்வரிசை. ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. வளவாளர் வரவுப் பதிவில் அந்தப் பெண்ணின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். அந்தப் பெண் கைநூலை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். மற்றவர்கள் பொய்ப் பாடத்தைப் புரட்டினார்கள். நானும்தான்.

வகுப்பு முடிந்ததும் வளவாளர் என்னிடம் வந்து, முள்வேலிப் பக்கம் கண்காட்டி, "வகுப்பை நிப்பாட்டிப் போடுவாங்கள், தம்பி" என்றார்.

"ஆர் சொன்னது?"

"இன்னும் ஒருத்தரும் சொல்லேல்ல."

அந்தப் பதிலை நான் குறித்துக்கொண்டேன், அச்சுக்குக் கொடுக்கவில்லை. வகுப்பு இனிதே நிறைவுற்றதாக என் செய்தி வந்தது. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. பெயர் வெட்டப்பட்ட அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழும் இல்லை, வேலையும் கிடைக்கவில்லை. வெள்ளாங்குளத்தில் நடந்த அடுத்த வகுப்பில், வளவாளர் அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டே கைநூலைக் கொடுத்தாராம்.

இன்று என் பிரதியின் கம்பிகளைக் கழற்றினேன். உள்ளே தாள் புதிது போல வெள்ளையாக இருந்தது. உதாரணம் எழுத அடியில் மூன்று கோடுகள். முதல் கோட்டில் அந்தப் பெண்ணின் வீட்டை எழுதினேன். இரண்டாவதில் அவருக்குக் கிடைக்காமற்போன வேலையை. மூன்றாவதில், அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்தவர்கள் என்று வளவாளரின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். மலருக்கு அனுப்ப என்னிடம் வேறு வரிகள் இல்லை.